சத்தம் போடாதவரின் வரைபடம்

நாரின் நகரத்தில் ஒரு வரைபடம் வேண்டுமென்றால் போக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அரசாங்க நில அலுவலகம். அங்கே மனு எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துவிடுவது நல்லது. இன்னொன்று ஆற்றங்கரைக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், சைராகுலின் வீடு. கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி, தேநீர் ஊற்றி வைத்து, "எப்ப வேணும்?" என்று கேட்பாள். என்ன தேதி சொன்னாலும் "ஆகட்டும்" என்பாள். அவளுக்கு வேலை தேடிக் கொடுத்தது அந்த ஒரு சொல்தான். அவளைப் பாடாய்ப் படுத்தியதும் அதே சொல்தான்.

பதினோரு வருடம் அவளும் அந்த நில அலுவலகத்தில்தான் இருந்தாள். பிறகு அவளுடைய பிரிவை மொத்தமாகத் தலைநகர் பிஷ்கேக்குக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்த மூன்று பேர் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். சைராகுலின் கணவன் மிர்லான் நாரினுக்கும் பிஷ்கேக்குக்கும் மினிபஸ் ஓட்டுகிறவன். வீடு, உறவு, வண்டி நிற்கும் இடம் எல்லாம் இங்கே. அவள் போகவில்லை. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கணினியைப் போட்டுக்கொண்டு, "வரைபடங்கள் செய்து தரப்படும்" என்று கடைவீதியில் நான்கு இடத்தில் சீட்டு ஒட்டினாள்.

முதல் குளிர்காலம் முழுக்க ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்று மாதம். தொலைபேசி பழுதாகிவிட்டதோ என்று மிர்லானின் தொலைபேசியிலிருந்து தன் எண்ணுக்கே அடித்துப் பார்ப்பாள். மணி நன்றாகத்தான் அடித்தது. மார்ச்சில் ஒரு கல்யாண மண்டபக்காரர் கூப்பிட்டு, அழைப்பிதழில் போட வழி காட்டும் படம் ஒன்று கேட்டார். ஒரு மணி நேர வேலை. அவள் ஏழு மாதிரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். மண்டபக்காரர் பயந்துபோய், "ஒண்ணு போதும்மா, கல்யாணமும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த மூன்று மாத அமைதி அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது. அதன்பிறகு மணி அடித்தால் எடுக்காமல் இருக்க அவளால் முடிந்ததில்லை. எடுத்தால் மறுக்க முடிந்ததில்லை.

நாளடைவில் வேலைகள் வந்தன. சுற்றுலாக் கூடாரம் நடத்துகிறவர்களுக்கு நடைபாதைப் படம், பள்ளிக்கூடச் சுவருக்கு மாவட்டப் படம், குதிரைப் பந்தயத்துக்குப் பாதைப் படம். எல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் வேலைகள். சின்ன வேலைக்கு ஒரு ருசி உண்டு. திங்கட்கிழமை கேட்பார்கள், புதன்கிழமை கொடுப்பாள், வெள்ளிக்கிழமை கடைவீதிக்குப் போனால் அது எங்காவது சுவரில் தொங்கும். நன்றி சொல்வார்கள், அடுத்த ஆளை அனுப்பி வைப்பார்கள். பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரம் பிஷ்கேக்கில்தான் இருந்தது. மிர்லான்தான் அச்சான படங்களை நீளக் குழாயில் சுருட்டி, தன் இருக்கைக்குப் பின்னால் செருகிக் கொண்டுவருவான். ஒருமுறை தொலோன் கணவாயில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, "அது என்ன துப்பாக்கியா?" என்று கேட்டார். "இல்லீங்க, என் பொண்டாட்டி. சுருட்டி வச்சிருக்கேன்" என்றான் மிர்லான்.

ஷைலோபெக் வந்தது ஒரு மே மாதத்தில். கோக்-செங்கிர் என்ற கிராமத்தின் மேய்ச்சல் நிலக் குழுவுக்கு அவர் தலைவர். முன்பு டிராக்டர் ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரமான மனிதர், ஆனால் கதவுக்குள் நுழையும்போதே இடத்தை அடைத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்பது போலத் தோளைச் சுருக்கிக்கொள்வார். ஒரு துணிப்பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டைகளும், எலி கடித்த ஒரு பழைய வரைபடமும் கொண்டுவந்திருந்தார். சோவியத் காலத்துப் படம். மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு தயிர் உருண்டைகளை வைத்தார்.

"இதப் பாரு தங்கச்சி. படத்துல ஓடை இங்க இருக்கு." விரலை நான்கு அங்குலம் நகர்த்தினார். "நெசத்துல ஓடை இங்க இருக்கு. ஒம்பது வருஷம் முன்னாடி மலை சரிஞ்சப்ப இந்தப் பக்கம் வந்துருச்சு. எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு தண்ணிக்கு யாரும் சொல்லல போல."

"இந்த ஓடைதான் எல்லையா பைகே?" அண்ணன் முறைக்கு அங்கே பைகே என்பார்கள்.

"ரெண்டு குடும்பத்துக்கு எல்லை. நடுவுல ஒரு புல்வெளி மாட்டிக்கிச்சு. அப்பைக்கு அப்ப பேசிச் சமாளிக்கிறேன். இதே மாதிரி ஏழு பள்ளத்தாக்குலயும் ஏதாவது ஒண்ணு."

இரண்டு வருட வேலை என்று பேசி முடித்தார்கள். இரண்டு கோடைக்காலம் மேலே போய் அளக்க வேண்டும். மூன்றாவது வருடம் மே முதல் தேதி, மந்தைகள் மலை ஏறுவதற்கு முன், ஏழு பள்ளத்தாக்குக்கும் புதிய படம் குழுவின் கையில் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று மேய்ச்சல் சீட்டு எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஷைலோபெக் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உன்ன அவசரப்படுத்த மாட்டேன். நீ பாத்துச் செய்வேன்னு தெரியும்" என்றார்.

இரண்டு கோடைகளும் அருமையாகப் போயின. ஜிபிஎஸ் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குதிரையில் முகடு முகடாக ஏறி இறங்கினாள். ஷைலோபெக் பக்கத்துக் குதிரையில் வருவார். ஒவ்வொரு ஊற்றுக்கும் பெயர் சொல்வார், அந்தப் பெயர் எந்தச் சண்டையால் வந்தது என்றும் சொல்வார். அவள் ஆறு நோட்டுப் புத்தகங்கள் நிரப்பினாள். மிச்சமிருந்தது மேசை வேலைதான். இரண்டாவது கோடை முடிந்து குளிர்காலம் வந்தபோது அவளிடம் ஐந்து மாதம் முழுசாக இருந்தது. பள்ளத்தாக்குக்கு இரண்டு வாரம் வைத்தாலும் தாராளம்.

ஜனவரியில் ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டார். நான்கு நாள் வேலை. கொடுத்த பிறகு, குளியலறை எந்தப் பக்கம் என்பதில் இரண்டு திருத்தம், பெயர்ப் பலகையின் நிறத்தில் மூன்று திருத்தம். நான்கு நாள் வேலைக்கு வால் பன்னிரண்டு நாள் நீண்டது. அதற்குள் ஒரு பள்ளிக்கூடம். அதற்குள் ஒரு கிணறு தோண்டுகிற நிறுவனம். ஒவ்வொரு முறையும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: இந்தச் சின்ன வேலைகளைத் துடைத்து எறிந்துவிட்டு, நிம்மதியாகப் பெரிய வேலையில் உட்காரலாம். துடைக்கத் துடைக்க மேசை நிறைந்தது.

ஷைலோபெக் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்.

"சுகமா தங்கச்சி? வீட்டுக்காரர் சுகமா? நம்ம படம் சுகமா?"

"வளருது பைகே."

"வளரட்டும், வளரட்டும்." அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

இன்னொருவன் எர்மெக். பிஷ்கேக்கில் மலை ஓட்டப் போட்டி நடத்தும் நிறுவனம் ஒன்றின் மேலாளன். இருபத்தெட்டு வயது. பேச்சில் தேன் வழியும். சைராகுலின் சின்ன வேலைகளில் பாதி அவனிடமிருந்துதான் வந்தது. ஒரு நாளைக்குப் பத்துமுறை கூப்பிடுவான்; எடுக்கவில்லை என்றால், எஜே, அதாவது அக்கா, என்று உருகிக் குரல் செய்தி அனுப்புவான்.

"எஜே, உங்களுக்கு இது தூசு. ரெண்டே நாள். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மிர்லான் சூப்பை உறிஞ்சிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டு, "என்னைக் கட்டிக்கும்போது நான்கூட இவ்வளவு கெஞ்சல" என்றான்.

"நீ கெஞ்சல. வண்டியைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்ச."

"பாத்தியா? சத்தம் போட்டாத்தான் நீ வெளிய வருவ."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள்.

ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி அவள் தானே ஷைலோபெக்கைக் கூப்பிட்டாள். ஏழில் மூன்று பள்ளத்தாக்குதான் முடிந்திருந்தது. ஓடை இடம் மாறிய உசுன்-சாய் பள்ளத்தாக்கை அவள் தொடவே இல்லை. அதுதான் சிக்கலானது என்று கடைசிக்கு வைத்திருந்தாள். கூப்பிடும்முன் என்ன காரணம் சொல்வது என்று மனசுக்குள் நாலுமுறை ஒத்திகை பார்த்தாள். கணினி பழுது, மின்வெட்டு, கண் வலி. ஒன்றும் தேவைப்படவில்லை.

"பைகே, இன்னும் கொஞ்ச நாள் வேணும். மே இருபது."

எதிர்ப்பக்கம் ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"சரி தங்கச்சி. சீட்டு அஞ்சாம் தேதி எழுதியாகணும். பழைய தாளை வச்சு ஓட்டிக்கிறேன்."

"கோவமா?"

"சேச்சே."

தொலைபேசியை வைத்தபோது அவளுக்கு உடம்பே லேசானது. ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பின்னாளில் எதை மறந்தாலும் அந்தப் பாட்டு முணுமுணுத்ததை அவளால் மறக்க முடியவில்லை.

மே மாதம் எர்மெக்கின் போட்டிக்குப் பாதைப் படம். ஓடுகிற பாதையை மூன்றுமுறை மாற்றினான். இருபதாம் தேதி வந்தது, போனது. இருபத்திரண்டாம் தேதி மதியம் அவள் கடைசித் திருத்தத்தை அனுப்பினாள். பதிலுக்குத் தொலைபேசியில் ஒரு வரிசை நிறைய நெருப்பு எமோஜிகளும் கைதட்டல் எமோஜிகளும் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மிர்லான் உள்ளே வந்தான். சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"சைரா, உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

"கோக்-செங்கிர் ஆள் ஒருத்தர் இன்னிக்கு என் வண்டியில வந்தாரு. உசுன்-சாய்ல தகராறு. ரெண்டு குடும்பமும் ஒரே புல்வெளிக்கு மந்தையை ஓட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டு பேரு கையிலயும் சீட்டு இருக்கு. ஒருத்தர் படத்துல இருக்கிற ஓடையைக் காட்டுறாரு, இன்னொருத்தர் தரையில இருக்கிற ஓடையைக் காட்டுறாரு. குதிரையில மோதிக்கிட்டதுல தொக்தோசுன்னு ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சிருச்சு. ஆடுங்க மிரண்டு, பதினோரு ஆடு சரிவுல விழுந்து செத்துப்போச்சு."

அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊர்க் கூட்டத்துல உன் ஷைலோபெக்கை நிக்க வச்சுக் கேட்டாங்களாம், புதுப் படம் எங்கேன்னு. 'நான்தான் லேட்டாக் கேட்டேன், தப்பு என்னுது'ன்னாராம்."

அவள் ஷைலோபெக்குக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். இரண்டு வருடத்தில் அவர் எடுக்காத முதல் அழைப்பு அது.

மறுநாள் காலை மிர்லான் வண்டியைக் கழுவிக்கூட முடிக்காமல் கிளப்பினான். பயணிகளை வேறொரு ஓட்டுநரிடம் தள்ளிவிட்டிருந்தான். சாலை முடிகிற இடம்வரை கொண்டுபோய் விட்டான். அங்கே ஒரு குதிரையை ஏற்பாடு செய்து, ஜிபிஎஸ் கருவியையும் ரொட்டிப் பையையும் சேணத்தில் கட்டினான்.

"என்ன சொல்லப் போற?"

"தெரியல."

"பொய் மட்டும் சொல்லாத. உனக்கு வராது, மூக்கு சிவந்துரும்."

உசுன்-சாயில் பனி உருகி முடிந்திருந்தது. புல் முழங்காலளவு வரவில்லை, ஆனால் வரப்போகிற பச்சை. இரண்டு கம்பளிக் கூடாரங்கள், இருநூறு அடி இடைவெளியில், ஒன்றின் கதவு ஒன்றைப் பார்க்காதபடி போட்டிருந்தார்கள். ஷைலோபெக் இரண்டுக்கும் நடுவில், ஓடையோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து, யாரும் யார் பக்கமும் மந்தையை ஓட்டாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஆறு நாளாக அங்கேதான் இருந்தாராம். தாடி வளர்ந்திருந்தது.

அவள் குதிரையிலிருந்து இறங்கி எதிரே நின்றாள். அவர் நலம் விசாரிக்கவில்லை.

"பைகே, ஏன் கூட்டத்துல அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? ஊரு முழுக்க உன்னைத் திட்டுறதை நின்னு கேக்கவா?"

"திட்டட்டுமே. தப்பு என்னுதுதானே." அவளுக்குத் திடீரென்று ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரு தடவையாவது சத்தம் போட்டிருக்கலாமே பைகே! ஏன் தாமதம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

ஷைலோபெக் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குச் சத்தம் போட வராது தங்கச்சி. என் பசங்களையே நான் அதட்டினதில்ல. டிராக்டரையே கெஞ்சித்தான் கிளப்புவேன். அதுக்காக என்னைக் கடைசியில நிக்க வைப்பியா?"

அவர் பாறையில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. அதற்குத் தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நேராக மேற்குப் பக்கக் கூடாரத்துக்குப் போனாள். அது கலிமானுடையது. அறுபதை நெருங்கும் விதவை; நானூறு ஆடு, மூன்று மகன்கள், எல்லோரையும் ஒரே குரலில் மேய்க்கிறவள். செத்த பதினோரு ஆடும் அவளுடையவை.

"ஓ, படக்காரி வந்துட்டாளா?" கலிமான் பால் வாளியைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். "வா வா. படம் எங்க? ஆடுங்க பாக்கணும்னு காத்துட்டு இருக்கு."

"படம் இல்ல எஜே. மே ஒண்ணாம் தேதி குடுக்க வேண்டியது. நான்தான் முடிக்கல. ஷைலோ பைகே ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டாரு."

"ஏன் முடிக்கல?"

"வேற வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன வேலை?"

"மலையில ஓடுறவங்களுக்குப் படம் போட்டேன்."

"எதுக்கு ஓடுறாங்க? பின்னாடி ஓநாய் வருதா?"

"சும்மா ஓடுறாங்க எஜே."

கலிமான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா ஓடுறவனுக்கு வழி இருக்கு. என் ஆட்டுக்கு வழி இல்ல." வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "தேத்தண்ணி ஆறுது. உள்ள வர்றியா, இல்ல அங்கயே நட்டுக்கிட்டு நிக்கப்போறியா?"

தேநீர் குடித்தபோது சைராகுல் தன் யோசனையைச் சொன்னாள். முழுப் படம் வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஒரு பள்ளத்தாக்கின் எல்லையை இப்போதே, தரையிலேயே, கல் நட்டுக் குறித்துவிடலாம். இரண்டு குடும்பமும் கூட நடந்து வரவேண்டும்.

"செத்த ஆடு திரும்பி வராது" என்றாள் கலிமான். "ஆனா ஒவ்வொரு கல்லையும் நீ எங்க வைக்கிறேன்னு நான் என் கண்ணால பாப்பேன்."

தொக்தோசுனும் அதையே சொன்னான். அவன் நாற்பது வயதுக்காரன். கழுத்தில் தூளி கட்டிய கையோடு குதிரை மேலேயே உட்கார்ந்து வந்தான். இறங்கினால் ஏற முடியாது என்றான். ஏற உதவி கேட்கிற நிலைமை வந்தால் கலிமானின் மகன்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும், அதனால் இறங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு நாள் நடந்தார்கள். ஓடையை எல்லையாக வைத்தால் அது அடுத்த சரிவில் மறுபடி இடம் மாறும் என்று சைராகுல் சொன்னாள். பழைய மண்சரிவின் மேட்டு முகடு ஒன்று புல்வெளியின் நடுவாகப் போனது. பெரிய பெரிய பாறைகள் புதைந்த மேடு, அது நகராது. அதையே எல்லையாக வைத்து, ஓடைத் தண்ணீரில் இரண்டு மந்தையும் ஆளுக்கொரு வேளை இறங்கலாம் என்று பேச்சு நடந்தது. பேச்சு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சண்டை. "ரெண்டு அடி இந்தப் பக்கம் வை, அங்க ஒரு நல்ல புல் இருக்கு" என்பாள் கலிமான். "அந்தப் புல்லுல என் பேரு எழுதியிருக்கு" என்பான் தொக்தோசுன். ஒன்பதாவது கல்லுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. சைராகுல் முதன்முறையாக இருவருக்கும் மேலே குரலை உயர்த்தினாள். "இங்கதான்! கருவி இங்கதான் காட்டுது, நான் இங்கதான் நடுவேன்!" ஷைலோபெக் திகைத்துப்போய்ப் பார்த்தார். கலிமான் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதைக் கண்ட அவளுடைய கடைசி மகன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அந்தப் பள்ளத்தாக்கில் தொலைபேசிக்கு அலை கிடைக்கிற இடம் ஒரு மொட்டைக் குன்று மட்டும்தான். இரண்டாம் நாள் மதியம், எல்லைப் புள்ளிகளைக் கணினிக்கு அனுப்பி வைப்பதற்காக அவள் அதில் ஏறினாள். ஏறியதும் எர்மெக்கின் செய்திகள் வரிசையாக விழுந்தன. பதினேழு. கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"எஜே! செத்தே போனேன்! பாலம் ஒண்ணு உடைஞ்சிருச்சாம், பாதையை மாத்தணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள. அரை மணி நேர வேலை உங்களுக்கு."

அரை மணி நேர வேலை கிடையாது என்று அவளுக்குத் தெரியும். கீழே ஷைலோபெக் பதினான்காவது கல்லைத் தோளில் சுமந்து நடந்துகொண்டிருந்தார்.

"முடியாது எர்மெக்."

"என்னது?"

"மூணு வாரத்துக்கு முடியாது. வேற வேலையில இருக்கேன்."

"எஜே, வெளையாடாதீங்க. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, போட்டுத் தரேன்."

"காசு விஷயம் இல்ல. பிஷ்கேக்குல என்கூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி இருக்கா, நல்லா செய்வா. நம்பர் அனுப்புறேன்."

அவன் குரலிலிருந்த தேன் சட்டென்று நின்றது. "சரி. அப்ப இனிமே அவங்ககிட்டயே பேசிக்கிறேன்" என்றான். இணைப்பு அறுந்தது. அவள் எண்ணை அனுப்பிவிட்டு, குன்றின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த முதல் குளிர்காலத்து மூன்று மாதம் நினைவுக்கு வந்தது.

மொத்தம் இருபத்து மூன்று கல் நட்டார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள். கடைசிக் கல்லில் தொக்தோசுன் குதிரையிலிருந்து இறங்கினான். ஏறும்போது கலிமானின் மூத்த மகன் எதுவும் பேசாமல் தோளைக் கொடுத்தான். சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. அந்தக் கோடை முழுக்க இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மந்தைகள் மேட்டைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், காலையில் தொலைபேசியின் மணியை அணைத்து மாவு டப்பாவுக்குள் போட்டு மூடியது. மதியம்வரை மேய்ச்சல் நிலம். மதியத்துக்கு மேல்தான் மற்றவர்கள். இரண்டு நாள் வேலை என்று யாராவது சொன்னால், திருத்தத்துக்கும் சேர்த்து எட்டு நாள் என்று பதில் சொல்லப் பழகினாள். ஆரம்பத்தில் நாக்குப் புரளவில்லை. மிர்லானை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கே வேணும்" என்பான் அவன், குரலை மாற்றி.

"எட்டு நாள் ஆகும்."

"அக்கா, என் கல்யாணமே நாளன்னிக்கு!"

"அப்ப... அப்ப நாளைக்கு..."

"தோத்துட்ட. மறுபடி."

ஜூன் பதினாறாம் தேதி ஏழு பள்ளத்தாக்கும் முடிந்தது. மிர்லான் பிஷ்கேக்கிலிருந்து குழாயைக் கொண்டுவந்து, அன்று வண்டியில் வந்த பயணிகள் அத்தனை பேருக்கும் அது என்ன என்று விளக்கமும் சொல்லியிருந்தான். ஷைலோபெக் படங்களை ஊர் மன்றச் சுவரில் ஒட்டிவிட்டு, விரலால் ஒவ்வோர் ஊற்றாகத் தேடிப் பெயரைச் சத்தமாகப் படித்தார். பிழை ஒன்று இருந்தது. ஓர் ஊற்றின் பெயரில் ஓர் எழுத்து. அவர் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தவித்ததைப் பார்த்து அவளே கேட்டு வாங்கித் திருத்தினாள்.

அந்த இலையுதிர்காலம் சிரமமாகத்தான் இருந்தது. எர்மெக் திரும்பி வரவில்லை. அவன் போட்டிக்கு பிஷ்கேக் தோழி செய்த படத்தைச் சைராகுல் இணையத்தில் பார்த்தாள். தன்னுடையதைவிட அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. ஒப்புக்கொண்டு தோழிக்கு ஒரு வாழ்த்தும் அனுப்பினாள். நவம்பரில் பக்கத்துப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் குழு வந்தது. கோக்-செங்கிர் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதுவும் இரண்டு வருட வேலை. கையெழுத்துப் போடும்முன் அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வெள்ளிக்கிழமைதோறும் எவ்வளவு முடிந்தது என்று படம் பிடித்து அனுப்புவாள். அனுப்பாவிட்டால் அவர்கள் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை எடுக்கிற ஆள் திட்டச் சொல்லிக் கேட்பது அவர்களுக்குப் புதிது.

ஷைலோபெக்குக்கும் வெள்ளிக்கிழமைப் படம் போனது. வருடாவருடம் படத்தைப் புதுப்பிக்கும் வேலை அவரிடமிருந்து வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் கூப்பிட்டு, வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல், "சைராகுல்! வேலை என்ன ஆச்சு! எனக்கு உடனே பதில் வேணும்!" என்று முழங்கினார். அவள் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். பின்னால் ஒரு பெண் குரல் சிரித்தது. பிறகு அவருடைய பழைய குரல் தயங்கித் தயங்கி வந்தது. "சரியா கத்தினேனா? வீட்டுல எழுதிக் குடுத்தா. உனக்கு இது தேவைப்படும்னா."

"கடைசி வார்த்தைல கொஞ்சம் பலம் பத்தல பைகே."

"அடுத்த வாரம் சரி பண்ணிக்கிறேன்."

இரண்டு வருடம் கழித்துக் குழுத் தேர்தலில் ஷைலோபெக் தோற்றார். பதினோரு ஆட்டை ஊர் மறக்கவில்லை. அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் குழு வேலையால் நிறுத்திவைத்திருந்த தேனீ வளர்ப்புக்கு மறுபடி பெட்டிகள் வாங்கினார். தன் தவறுக்கு அவர் கொடுத்த விலை அந்தத் தோல்வி என்று சைராகுலுக்குத் தெரியும். தேர்தல் முடிந்த வாரம் அவரைப் பார்க்கப் போனபோது அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் ஒரு ரொட்டித் துண்டில் தேனைத் தடவி அவள் கையில் திணித்து, "தின்னு" என்றார். அவள் தின்றாள்.

புதுத் தலைவர் கலிமான். பதவி ஏற்ற மறுநாள் காலையிலேயே கூப்பிட ஆரம்பித்து, சைராகுல் மாவு டப்பாவைத் திறக்கும்வரை, மதியம் ஒரு மணி ஆகும்வரை, விடாமல் அடித்திருக்கிறாள். பத்தொன்பது தவறிய அழைப்பு.

"படக்காரி, செத்துட்டியா?"

"காலையில வேற குழுவோட வேலை எஜே. மதியத்துக்கு மேலதான் எடுப்பேன். உங்க வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு வெள்ளிக்கிழமை அனுப்புவேன்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"வெள்ளி வரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஆட்டை மேய்ச்சுக்கிட்டு இருங்க எஜே."

இந்த வாடிக்கையாளரும் போய்விட்டார் என்றே சைராகுல் நினைத்தாள். பிறகு கலிமான் தன் மகன் யாரையோ கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமையாம்டா, நாள்காட்டியில ஒரு கோடு போடு" என்று சொல்வது கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே சைராகுல் படத்தைக் கணினியிலிருந்து அனுப்பிவிட்டாள்.